புறாவுக்கும் பருந்துக்கும்

சிபிச் சக்கரவர்த்தியின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. பருந்துக்கு அஞ்சிப் பறந்து வந்த புறா ஒன்று மன்னனின் மடியில் வந்து விழுந்தது. அதைக் காப்பதற்காக அவன் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் இட்டான். எவ்வளவு இட்டும் தட்டு தாழாமற்போகவே, முடிவில் தானே ஏறி அமர்ந்தான். சோழ மன்னர்கள் அந்தச் சிபியின் மரபில் வந்தவர்கள் என்று சங்கப் புலவர்கள் போற்றினர். 'செம்பியன்' என்னும் பெயரும் அதிலிருந்தே வந்தது என்பர்.

இக்கதையைச் சொல்லும்போதும் கேட்கும்போதும் நம் நெஞ்சம் புறாவின் பக்கமே நின்றுவிடுகிறது. பருந்தை நாம் கொடியது என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் மகாபாரதம் அந்தப் பருந்துக்கும் பேச இடம் கொடுத்திருக்கிறது. தனக்கு விதிக்கப்பட்ட உணவை மன்னன் பறித்துக்கொண்டால், தானும் தன் குஞ்சுகளும் பட்டினியால் மடிய நேரும் என்றும், ஓர் உயிரைக் காத்துப் பல உயிர்களைக் கொல்வது எந்த அறத்தில் சேரும் என்றும் அது வினவுகிறது. சிபி அக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. புறாவைக் காப்பது மட்டுமே அவன் நோக்கமாயிருந்தால் வில்லை எடுத்திருப்பான். ஓர் அம்பில் காரியம் முடிந்திருக்கும். தராசுக்கு வேலையே இருந்திராது. பருந்தும் பசியாற வேண்டும் என்று எண்ணியதனால்தான் தராசு வந்தது.

தலைநகர் தில்லியில், வாயில்லா ஜீவன்களுக்காக அமைந்துள்ள காப்பகங்களையும் மருத்துவமனைகளையும் பற்றி அறிய முற்படும்போது, இந்தத் தராசு திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

செங்கோட்டைக்கு எதிரே

செங்கோட்டையின் வாயிலுக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்கும் இடத்தில், செந்நிறக் கோபுரங்களுடன் திகம்பர சமணர்களின் லால் மந்திர் எழுந்து நிற்கிறது. அக்கோயிலின் வளாகத்திலேயே பறவைகளுக்கென்று ஒரு தரும மருத்துவமனை 1950களிலிருந்து நடைபெற்று வருகிறது. காலணிகளைக் கீழே விட்டுவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். மேலே வரிசை வரிசையாகக் கூண்டுகள் இருக்கின்றன. அவற்றில் இறகு ஒடிந்த புறாக்கள், கிளிகள், மைனாக்கள், குருவிகள் எனப் பலவகை நோயாளிகளைக் காணலாம். கட்டணம் எதுவும் கிடையாது. அன்பர்கள் தரும் நன்கொடையில்தான் மருந்தும் தானியமும் வாங்கப்படுகின்றன.

பறவைகளுக்கு அப்படி என்ன நோய் வந்துவிடும் என்று கேட்கத் தோன்றலாம். கோடையில் தில்லியின் வெப்பம் 45 பாகையைத் தொடும்போது தண்ணீரின்றி மயங்கி விழும் பறவைகள் ஏராளம். வீட்டுக்குள் நுழைந்து சுழலும் மின்விசிறியில் அடிபடும் புறாக்களும் கோடையில்தான் மிகுதி. கோடையில் வருவன இவை என்றால், ஆகஸ்டு மாதத்தில் வருபவை வேறு. சுதந்திர தினத்தன்று பட்டம் விடுவது தில்லி மக்களின் வழக்கம். மொட்டை மாடிகளெல்லாம் குழந்தைகளும் பெரியவர்களும் நிறைந்திருப்பர். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலும், 'சீன மாஞ்சா' என்று வழங்கும் அறுபடாத நைலான் நூலும் வானில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பறவையின் கண்ணுக்கு அந்த நூல் புலப்படுவதில்லை. மாலையில் கூடு திரும்பும் பறவைகள் அதில் சிக்கி, இறகுத் தசை அறுந்து விழுகின்றன. அட்டைப் பெட்டியிலும் துணிப்பையிலும் அவற்றை எடுத்துக்கொண்டு மக்கள் இந்த மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

மாஞ்சாவின் கொடுமை சென்னை வாசகர்களுக்குப் புதிதன்று. இருசக்கர வாகனத்தில் தந்தையின் முன்னே அமர்ந்து சென்ற குழந்தைகளின் கழுத்தை அது அறுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். தில்லியிலும் 2016ஆம் ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு குழந்தைகள் உள்பட மூவர் மாஞ்சாவால் உயிரிழந்தனர். அதன் பிறகே, 2017 ஜனவரியில், தில்லி அரசு இந்த நூலைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுமைக்கும் தடை விதித்தது. பல ஆண்டுகளாகப் புறாக்களின் இறகுகளை அறுத்துவந்த அதே நூல்தான் குழந்தைகளின் கழுத்தையும் அறுத்தது. பறவை மருத்துவமனையின் கூண்டுகளை எண்ணிப் பார்த்திருந்தால், வரப்போகும் ஆபத்து ஊருக்கு முன்னமேயே தெரிந்திருக்கும். விலங்குக் காப்பகங்கள் மனிதருக்கு ஆற்றும் சேவைகளில் இதுவும் ஒன்று. ஆனால் இதைக் கவனிப்போர் குறைவு.

இம்மருத்துவமனைக்கு ஒரு நெறி உண்டு. தானியமும் பழமும் உண்ணும் பறவைகளே இங்கு உள்நோயாளிகளாகத் தங்கிச் சிகிச்சை பெறலாம். பருந்து, வல்லூறு போன்ற புலால் உண்ணும் பறவைகளுக்குப் புறநோயாளிகளாக மட்டுமே மருத்துவம் செய்யப்படுகிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணக் கோயிலில், இறைச்சியைக் கொண்டுவந்து ஊட்ட முடியாது என்பது அதற்குரிய காரணம். இதைக் குறை கூறுவது எளிது. ஆனால் புறாக்கள் நிறைந்த கூண்டுகளின் அருகே பருந்தைத் தங்கவைப்பதில் உள்ள இடரையும், ஒரு சமயத்தார் தம் நெறிக்கு உட்பட்டே தொண்டு செய்ய இயலும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நடைபெறுவது மெய்யான தொண்டு. இருந்தாலும் சிபியின் சபையில் எழுந்த அதே கேள்வி இங்கும் எழுகிறது. பருந்து எங்கே போகும்?

பருந்துக்கு ஓர் இல்லம்

அதற்கு விடை பழைய தில்லியிலிருந்தே வந்தது. நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத் என்னும் சகோதரர்கள் இளம் வயதில் ஒருநாள் காயம்பட்ட பருந்து ஒன்றைக் கண்டெடுத்துப் பறவை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். புலால் உண்ணும் பறவை என்பதால் அதை அங்கே சேர்த்துக்கொள்ள இயலவில்லை. அந்த ஏமாற்றம் அவர்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அடிபட்ட பருந்துகளைத் தாங்களே வீட்டில் வைத்துப் பேணத் தொடங்கினர். இருவரும் கால்நடை மருத்துவம் பயின்றவர்கள் அல்லர். இளமையில் உடற்பயிற்சியில் கொண்டிருந்த ஆர்வத்தால் தசை, தசைநாண் முதலியவற்றைப் பற்றி அறிந்து வைத்திருந்தனர். அந்தச் சிறு அறிவே முதலீடாயிற்று.

வடக்குத் தில்லியின் வஜீராபாத்தில், சோப்புக் கலன்கள் செய்யும் குடும்பத் தொழிலுக்கான நிலவறையின் ஒரு மூலையில் பருந்துகள் அட்டைப் பெட்டிகளில் தங்கின. மாடியில் கூண்டு எழுந்தது. மாஞ்சாவால் அறுபட்ட சவ்வைத் தைத்து, கட்டுப் போட்டு, இறைச்சித் துண்டுகளை ஊட்டி, பறக்கும் வலிமை வந்ததும் திறந்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பருந்துகள் அவ்வாறு வானம் ஏறியிருக்கின்றன. அவர்களைப் பற்றி ஷௌனக் சென் இயக்கிய ஆவணப்படம் 2022இல் சன்டான்ஸ் விழாவில் உயரிய விருதைப் பெற்றது; 2023இல் ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. (அதே ஆண்டில் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது, முதுமலைத் தெப்பக்காட்டில் தாயற்ற யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதியரின் கதை என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவுகூரலாம்.)

பழைய தில்லியில் பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வீசி எறிவதை இஸ்லாமியப் பெருமக்கள் பலர் ஒரு தருமமாகச் செய்கின்றனர். அதனால் துன்பங்கள் விலகும் என்பது நம்பிக்கை. ஒரே தெருவில் ஒரு சாரார் புறாவுக்குத் தானியம் இறைக்கிறார்கள், மற்றொரு சாரார் பருந்துக்கு இறைச்சி வீசுகிறார்கள். சிபியின் தராசில் இரண்டு தட்டுகள் இருந்தன அல்லவா?

பருந்துக்குச் செய்யும் தொண்டு மனிதனுக்கு எவ்வகையில் உதவும் என்பதற்கு, இந்நாடு பெரும் விலை கொடுத்து ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1990களில் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் திடீரென மடியத் தொடங்கின. மாடுகளுக்கு வலிநிவாரணியாகத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகுகளைச் சேர்ந்து, அவற்றின் சிறுநீரகத்தை அழித்தது. இம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006இல் தடை செய்யப்பட்டது. அதற்குள் சில கழுகு இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துவிட்டன. யாருக்கும் வேண்டாத, பார்ப்பதற்கே அருவருப்பூட்டும் பறவை என்று நினைத்த ஒன்று போனபோது, ஊர்ப்புறங்களில் இறந்த மாடுகள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்று நாய்க் கூட்டங்கள் பெருகின, நாய்க்கடியும் பெருகியது. தில்லியின் குப்பை மேடுகளில் அந்தத் துப்புரவுப் பணியின் ஒரு பகுதியை இன்று செய்துவருபவை கரும்பருந்துகளே.

கோட்லாவின் கல்தூண்

லால் மந்திரிலிருந்து சற்றுத் தெற்கே பெரோஸ் ஷா கோட்லா என்னும் இடிபாடுகளின் உச்சியில் பளபளக்கும் ஒரு கல்தூண் நிற்கிறது. அசோகச் சக்கரவர்த்தி நாட்டிய அத்தூணை, இன்றைய அரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். கொல்லக்கூடாத உயிரினங்களின் பட்டியல் ஒன்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனினும் கருதத்தக்கது வேறொரு பகுதி. சாலையோரங்களில் ஆலமரங்களை நட்டதையும், கிணறுகளையும் தண்ணீர்ப் பந்தல்களையும் அமைத்ததையும் கூறும் அரசர், அவை விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் உரியவை என்று இரு சாராரையும் ஒருசேரக் குறிப்பிடுகிறார். அவருடைய பாறைக் கல்வெட்டு ஒன்று, மனிதருக்கான மருத்துவத்தையும் விலங்குகளுக்கான மருத்துவத்தையும் சோழ, பாண்டிய நாடுகள் வரை ஏற்படுத்தியதாகச் சொல்கிறது. இரண்டுக்கும் அக்கல்வெட்டில் ஒரே வாக்கியம்தான். ஒரு மரம், ஒரு கிணறு. அதன் நிழலில் வண்டி மாடும் நிற்கும், வண்டிக்காரனும் நிற்பான்.

இக்காலத்தில் அந்த வண்டிக்காரனின் நிலை என்ன? தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைக் கொண்டு பிழைக்கும் எளிய குடும்பங்கள் இன்னும் உள்ளன. செங்கல் சூளைகளில் பாரம் சுமப்பவை அவை. விலங்கின் கால் புண்பட்டால் அன்றைய கூலி இல்லை. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. புண்ணோடு ஓட்டுவதைத் தவிர வழி தெரியாதவனைக் கொடியவன் என்று வைதுவிட்டுப் போவதால் அந்த விலங்குக்கு ஆவது ஒன்றுமில்லை. 1979இல் பள்ளி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கி, டிஃபன்ஸ் காலனி மேம்பாலத்தின் அடியில் இயங்கிவரும் ஃபிரண்டிகோஸ் என்னும் அமைப்பு, நடமாடும் மருத்துவ வண்டிகளை அனுப்பி இத்தகைய உழைக்கும் விலங்குகளுக்குச் சிகிச்சை அளித்துவந்திருக்கிறது. இலாடம் அடிக்கும் முறை, சேணத்தின் கீழே மெத்தை வைக்கும் முறை ஆகியவற்றை உரியவருக்குக் கற்றுக்கொடுத்தாலே பாதி நோய் வராது. விலங்கு நலமடைந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அங்கே இரண்டு நன்மைகளைப் பிரித்துப் பார்க்க முடியாது.

மேற்குத் தில்லியின் ராஜா கார்டனில் 1980 முதல் இயங்கிவரும் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் அளவில் பெரியது. விபத்தில் அடிபட்ட நாய்கள், நெகிழிப் பைகளைத் தின்று வயிறு ஊதிய மாடுகள், கைவிடப்பட்ட வீட்டு நாய்கள் எனப் பலவும் அங்கே வந்து சேர்கின்றன. கைவிடப்பட்டவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையின் பிறந்தநாளுக்கென்று விலை உயர்ந்த வெளிநாட்டு இன நாய்க்குட்டியை வாங்குகிறார்கள். பனிமலைகளில் வாழ்வதற்கேற்ற அடர்ந்த ரோமம் கொண்ட நாய், தில்லியின் மே மாத வெயிலில் மூச்சு வாங்குகிறது. வேலை மாற்றம் வருகிறது. புது வீட்டின் உரிமையாளர் நாய் கூடாது என்கிறார். அல்லது நாய்க்கு வயதாகி நோய் வந்துவிடுகிறது. உடனே காப்பகத்தின் வாயிலில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். 'நல்ல இடத்தில்தானே விட்டோம்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். பத்து ஆண்டுகள் ஒரே குரலைக் கேட்டு வளர்ந்த பிராணி, நூறு நாய்கள் குரைக்கும் கொட்டடியில் உணவைத் தொடாமல் மூலையில் படுத்துக் கிடக்கும். இடம் நெருக்கடியாகும்போது பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்றுநோய்கள் விரைந்து பரவுகின்றன. குட்டிகளே முதலில் பலியாகின்றன. காப்பகம் என்பது நம் கடமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல் அன்று. உண்மையில் நல்ல காப்பகம் எப்போதும் காலியாகவே முயல்கிறது: நலமான தெருநாய் தன் தெருவுக்கும், பறவை வானத்துக்கும், ஆதரவற்ற குட்டி ஒரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நாயும் குழந்தையும்

இந்த நோக்கம் 2025ஆம் ஆண்டில் தில்லியில் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயால் தில்லியில் ஒரு சிறுமி இறந்த செய்தி ஜூலையில் நாளேட்டில் வெளிவந்தது. அதைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர்ப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக்கூடாது என்று ஆணையிட்டது. முதலில் சில வாரங்களுக்குள் 5,000 நாய்களுக்கு இடம் செய்யும்படி கூறியது. 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தில்லியின் தெருநாய்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்தன என்பதை வைத்துப் பார்த்தால், சிக்கலின் அளவு விளங்கும். நாடெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. பிராணி நேயர்கள் தெருவில் இறங்கிக் கண்ணீர் விட்டனர். குழந்தைகளை இழந்த பெற்றோர் வேறு கண்ணீர் விட்டனர். ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது. கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென்று குறித்த இடத்தில் இட வேண்டும் என்று அது கூறியது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கவும் ஆணை வந்தது.

இந்த விவாதத்தில் புறா யார், பருந்து யார்? நாயைப் புறா என்று கருதியவர்களுக்கு, கடிபட்ட குழந்தை கண்ணில் படவில்லை. குழந்தையைப் புறா என்று கொண்டவர்களுக்கு நாய் வெறும் பருந்தாகவே தோன்றியது. இரு தரப்பினரிடமும் ஒரு தட்டு மட்டுமே இருந்தது.

ரேபிஸ் எவ்வளவு கொடியது என்பதை அறிந்தால்தான் தராசைச் சரியாகப் பிடிக்க இயலும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உலக அளவில் இந்நோயால் இறப்போரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலியாகிறவர்களில் கணிசமானோர் சிறுவர்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் வருவது. ஆனால் இதே நிறுவனம் இதற்கு மருந்தும் சொல்கிறது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவைத் தொடர்ந்து காத்துவந்தால், நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அதாவது குழந்தையைக் காக்கும் மருந்தை நாயின் உடம்பில்தான் செலுத்த வேண்டும்.

காப்பகங்களின் இன்றியமையாத பணி இங்கேதான் தொடங்குகிறது. நாயை வலையிட்டுப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அடையாளமாகக் காதின் நுனியைச் சிறிது கத்தரித்து, புண் ஆறும் வரை வைத்திருந்து, பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். ஏன் அதே தெருவில்? நாய் தன் எல்லையை விட்டுக்கொடுக்காத பிராணி. அந்த எல்லை காலியானால், அங்கே குப்பையும் உணவும் இருக்கும் வரை, ஊசி போடாத வேற்று நாய்கள் வந்து நிறையும். புதியவை தமக்குள் சண்டையிடும், குட்டி போடும், கடிக்கும். காது கத்தரித்த பழைய நாய் காவலிருக்கும் தெருவோ, தடுப்பூசி வேலியிட்ட தெருவாகிறது.

இம்முறையை இந்தியாவில் முதலில் முன்வைத்தது சென்னைதான் என்பது தமிழர்கள் பலரும் அறியாத செய்தி. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964 முதலே மேற்கொண்டு வலியுறுத்தியது. மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்த காலம் அது. எத்தனை கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி, 1996இல்தான் சென்னை மாநகராட்சி இவ்வழிக்கு வந்தது. 2001இல் மத்திய அரசு இதை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. 2023இல் புதிய விதிகள் அதன் இடத்தைப் பெற்றன. அதற்கும் முன்னரே தில்லி நாடாளுமன்றத்தில் பிராணிகளுக்காகக் குரல் எழுப்பியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவை உறுப்பினரான அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியின் பேரில் திரும்பப் பெறப்பட்டது. அதன் பயனாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அவர் தலைமையில் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. பின்னர், 1976இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில், உயிர்களிடத்துக் கருணை காட்டுவதும் ஒவ்வொரு குடிமகனின் கடமை என இடம்பெற்றது.

விதிகள் இவ்வளவு இருந்தும் அந்தச் சிறுமி ஏன் இறக்க நேர்ந்தது என்று கேட்பவருக்கு, விதிகளைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது. கருத்தடையும் தடுப்பூசியும் அரைகுறையாக நடந்தால் பயனில்லை. நூற்றுக்கு முப்பது நாய்களுக்குச் செய்துவிட்டு நிறுத்தினால், மீதமுள்ளவை ஓரிரு ஆண்டுகளில் அக்குறையை நிரப்பிவிடும். பொறுப்பு மாநகராட்சியுடையது, ஆனால் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. நாள்தோறும் பத்து நாய்களுக்கு ரொட்டி போடும் அன்பர், அவை தம் கைக்கு வரும் என்பதால், பிடிப்பதற்கு உதவக்கூடிய சிறந்த தொண்டராவார். அவரே வலை வண்டியைக் கண்டதும் நாய்களை ஒளித்துவைத்தால், உணவிட்ட புண்ணியத்தில் பாதியைத் தாமே அழித்துக்கொள்கிறார். மறுபுறம், எல்லாவற்றையும் எங்காவது அடைத்துவிடுங்கள் என்பவர், தம் வீட்டுக் குப்பையைத் தெருமுனையில் கொட்டுவதை நிறுத்தினாலே அந்தத் தெருவில் நாய்கள் குறையும்.

கடிபட்டவர் செய்ய வேண்டியதையும் இங்கே குறிப்பிடுவது நலம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகக் கிடைக்கிறது. காயம் ஆழமாயிருந்தாலோ இரத்தம் வந்தாலோ இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். சிறு கீறல்தானே என்று அலட்சியம் செய்வதும், முதல் ஊசியோடு நின்றுவிடுவதுமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. நாய் கடித்ததைச் சொன்னால் அடி விழும் என்று அஞ்சிக் குழந்தை மறைத்துவிடுவதும் உண்டு. அதனால், கடித்தாலும் கீறினாலும் பயமின்றி வந்து சொல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்னதாகவே சொல்லிவைப்பது பெற்றோர் கடன்.

லால் மந்திரின் பறவை மருத்துவமனையில் குணமான பறவைகளை மாடியிலிருந்து திறந்துவிடுகிறார்கள். எதிரே செங்கோட்டையின் மதில். அதன் மேலே நாட்டின் கொடி. புறாக்கள் ஒரு சுற்றுச் சுற்றி அந்த மதிலை நோக்கிப் போகின்றன. அவற்றுக்கும் மேலே, மிக உயரத்தில், இறகை அசைக்காமல் வட்டமிடும் பருந்துகள் இருக்கின்றன. வஜீராபாத்தில் தையல் போட்டு அனுப்பிய பருந்தும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.